இருமல் சாட்சி

காலை எட்டு மணிக்கு ஜெசிந்தா மொட்டைமாடிக்குப் போய், மேற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருபது நிமிடம் இருமினாள். புதுத்துறை மாநகராட்சியின் பதினேழாம் வட்டத்தில் அவளுக்கு அதுதான் உத்தியோகம். கழுத்தில் தொங்கிய இருமல்மானி ஐம்பத்து மூன்று என்று காட்டியது. வரம்பு பத்து. எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு காலத்தில் காற்றைக் கருவிகள் அளந்தன. அந்தக் கருவிகளைச் சுற்றித் தண்ணீர் தெளிக்க அதிகாரிகள் பழகிக்கொண்டதும் நீதிமன்றத்துக்குக் கோபம் வந்தது. வட்டத்துக்கு ஒரு மனிதர் தினமும் வெட்டவெளியில் நின்று மூச்சுவிட வேண்டும், அவர் இருமினால் மாநகராட்சி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதியது. மூச்சுச் சாட்சி என்ற பதவி அப்படி வந்தது.

தீர்ப்பு வந்த சில வருடங்களில் மூச்சுவடியும் வந்துவிட்டது. தொண்டைக்குக் கீழே பொருத்தும் கட்டைவிரல் அளவு சல்லடை அது. தூசு, புகை, பூஞ்சைத்தூள் எதையும் உள்ளே விடாது. சின்னக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் பொருத்த முடியாது என்பதால், ஐந்து வயது நிரம்பிய மறுநாளே வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். மற்ற வட்டங்களின் சாட்சிகளும் போட்டுக்கொண்டார்கள். தீர்ப்பில் அதற்குத் தடை ஏதும் இல்லை. அங்கெல்லாம் இருமல் பூஜ்யம். ஜெசிந்தாவின் உடம்பு மட்டும் இரண்டு முறை பொருத்தியும் ஏற்காமல் தள்ளிவிட்டது. அதனால் அறுபது லட்சம் பேர் வாழும் ஊரில் இருமுகிற பெரியவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்குக் காரணம் தெரியும். பதினான்கு மாதமாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். ஊரின் எல்லாக் கட்டடங்களையும் கொடி படரவிட்டு மூடியிருந்த பசுஞ்சுவர்தான் காரணம். சுவரில் தண்ணீர் தெளிக்கும் நேரத்தில் அவள் இருமல் ஏறியது. பூட்டிக் கிடந்த ரேஷன் கிடங்கின் பின்னால், ஆடாதொடையும் குப்பைமேனியும் தூதுவளையும் தன்பாட்டுக்கு மண்டிக்கிடந்த இடத்தில் நின்றால் பாதிக்கும் கீழே இறங்கியது.

நோட்டை எடுத்துக்கொண்டு துணைச் சுகாதார அலுவலர் நலங்கிள்ளியிடம் மூன்றாவது முறையாகப் போனாள். நல்ல மனிதர். அவள் இருமத் தொடங்கினாலே எழுந்து வந்து தண்ணீர் கொடுப்பார்.

"சார், சுவரு பூரா ஒரே விரைகொடி. பூச்சி வர்றதில்ல, ஓணான் வர்றதில்ல, குருவி வர்றதில்ல. பழுத்த இலையத் தின்ன ஒரு புழுகூட இல்ல. எல்லாம் அங்கயே அழுகிப் பூஞ்சை பிடிச்சு, தண்ணி அடிக்கறப்ப தூளா பறக்குது."

"பூச்சி வராதுன்னுதானேம்மா அந்தக் கொடியையே வாங்கினோம்."

"நாலஞ்சு செடி கலந்து வையுங்க சார். பூக்கறது, காய்க்கறது…"

"போன வருஷம் ஒரே ஒரு சுவத்துல துளசி வச்சுப் பார்த்தோம். தேனீ வருதுன்னு முந்நூறு புகார்."

"காத்து சரியில்லன்னு எத்தனை புகார் சார்?"

நலங்கிள்ளி திரையைப் பார்த்தார். பார்க்கத் தேவையில்லைதான். "ஒண்ணு. உங்களோடது."

அந்த வாரம் கீழ்வீட்டுப் பர்வீனின் எட்டு மாதக் குழந்தை அய்யானுக்கு உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரி வாசலில் பர்வீன், "சளிதான்றாங்கக்கா. எல்லாப் பிள்ளைங்களுக்கும் இப்படித்தானாம். அஞ்சு வயசு வரைக்கும் சமாளிச்சுட்டாப் போதுமாம்," என்றாள். பின்பு சட்டென்று ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் நாலு வருஷம் நாலு மாசம் இருக்குக்கா."

ஜெசிந்தா தீர்ப்பின் நகலோடு மாநகராட்சி மன்றக் கூட்டத்துக்குப் போனாள். பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அதில் பாதி இருமலுக்கே போயிற்று. ஆனால் அந்த இருமல் செய்த வேலையைப் பேச்சு செய்திருக்காது. மன்ற மண்டபத்தின் நான்கு பக்கமும் பசுஞ்சுவர். இருமல்மானி எண்பத்தொன்றைத் தொட்டபோது உறுப்பினர்கள் கைப்பேசியை மூடிவிட்டு நிமிர்ந்தார்கள். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாட்சியின் இருமலுக்கு ஏழு நாளுக்குள் முடிவு கட்டுவது என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஜெசிந்தா அழுதாள். பல வருடங்களுக்குப் பிறகு சந்தோஷத்தில் அழுதாள்.

ஏழாம் நாள் விரைகொடியை வெட்ட ஆட்கள் வருவார்கள் என்று வாசலிலேயே நின்றாள். ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்து நலங்கிள்ளி இறங்கினார்.

"புது ரக மூச்சுவடிம்மா. உங்க உடம்புத் திசுவ வச்சே வளர்த்தது. இது தள்ளாது. உங்களுக்காகவே செஞ்சிருக்காங்க."

"நான் இதையா சார் கேட்டேன்?"

"நடவடிக்கை எடுக்கணும்னுதான் தீர்ப்பு சொல்லுது. எது மேல எடுக்கணும்னு சொல்லல. சுவத்த மாத்தறதுன்னா பதினோரு வருஷம் ஆகும், நானூறு கமிட்டி கூடணும். உங்கள மாத்த ரெண்டு மணி நேரம்."

"மாட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மல்லாந்து படுத்துத் தூங்கி எத்தனை வருஷம் ஆச்சும்மா?"

ஒன்பது வருடம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். அவர் உள்நோக்கத்தோடு கேட்கவில்லை, உண்மையான இரக்கத்தோடுதான் கேட்டார். அதுதான் அவளைச் சாய்த்தது. உடம்பு தேறினால் இன்னும் பலமாகச் சண்டை போடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒப்புதல் படிவத்தில் விரல்ரேகை வைத்தாள்.

மூச்சுவடி பொருத்திய பதினைந்தாம் நாள் மறுபடி மாடிக்குப் போனாள். இருபது நிமிடமும் மூச்சு வழுக்கிக்கொண்டு போய் வந்தது. கணக்கு பூஜ்யம். கொடி வாடைகூடத் தெரியவில்லை. சுவர் பச்சைப்பசேல் என்று இருந்தது. அழகாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. தோன்றியதே என்று பயமாக இருந்தது.

அந்த மாதமே பதினேழாம் வட்டத்துக்குத் தூய காற்றுச் சான்றிதழ் கிடைத்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பர்வீன் மாடிக்கே ஏறி வந்தாள்.

"அக்கா, உங்க கணக்கு மேல போச்சுன்னாத்தான் காத்தத் திரும்பப் பார்ப்பாங்களாம். ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கொஞ்சம் இருமுங்கக்கா. இவனுக்காக."

ஜெசிந்தா இருமினாள். இருமல்மானியில் எண் நகரவில்லை. "கனைப்பு" என்று எழுத்து வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி இருமினாள். "கனைப்பு." பர்வீன் கீழே ஓடிப்போய் மிளகாய்த்தூள் டப்பாவைக் கொண்டுவந்தாள். ஜெசிந்தா அதில் முகத்தைப் புதைத்து ஆழமாக இழுத்தாள். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. மூச்சு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் போய் வந்தது.

அப்போது அய்யான் இருமினான். அது கனைப்பு அல்ல. முதுகு வில்லாக வளைந்து, முகம் சிவந்து, இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே ஒரு விசில் சத்தத்தோடு வந்தது. ஜெசிந்தா அவசரமாக இருமல்மானியைக் கழற்றி அவன் வாயருகே பிடித்தாள். "குரல் பொருந்தவில்லை. இவர் சாட்சி அல்ல" என்று எழுத்து வந்தது.

"இவன் இருமறது அதுக்குக் கேக்குதா இல்லியாக்கா?"

"கேக்குது."

"அப்புறம்?"

ஜெசிந்தா இருமல்மானியை மீண்டும் அவன் வாயருகே கொண்டுபோனாள். இருபது நிமிடம் முடிந்தது. தெருமுனைக் கம்பத்தின் ஒலிபெருக்கி கரகரத்து, இனிமையான பெண் குரலில் வட்டம் முழுவதும் கேட்கும்படி பேசியது:

"பதினேழாம் வட்ட மக்களுக்கு வணக்கம். இன்று காற்று மிக நன்றாக இருக்கிறது. குழந்தைகளைத் தாராளமாக வெளியே விளையாட விடுங்கள்."