கோப்பை கைமாறிய ஞாயிறு

அந்த ஞாயிறு மதியம் மேசையில் இருந்தவர்கள் ஐந்து பேர். குடும்பத்தில் மூத்தவனான நான், ஒதார். என் தம்பி டெங்கிஸ், அவன் மனைவி எதேரி. அவர்கள் பிள்ளைகள், பதின்மூன்று வயது ரேசோவும் ஒன்பது வயது நூட்சாவும். வேறு யாரும் இல்லை.

எங்கள் குத்தாயிசி ஊரில் விருந்துக்கு ஒரு தலைவர் உண்டு. அவர் எழுந்து, கோப்பையை உயர்த்திப் பேசுவார். பிறகு பேச்சை யாரிடம் கொடுக்கிறாரோ, அவர் பேசியே ஆகவேண்டும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் அந்தத் தலைவர் நான்தான்.

அன்று எங்கள் கொள்ளுத்தாத்தாவின் வீரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். டெங்கிஸ் மேசைக்கு அடியில் கைப்பேசியைப் பார்த்தான். எதேரியும் அப்படியே. சீஸ் ரொட்டி ஆறிப்போனது. ரேசோ எதையும் தொடவில்லை. ஒரு வாரமாக அவன் சரியாகச் சாப்பிடவும் இல்லை, பேசவும் இல்லை. அதைக் கவனித்தவள் நூட்சா மட்டும்தான்.

அவள் மாதுளைச் சாற்றுக் கோப்பையுடன் எழுந்தாள்.

“பெரியப்பா, பேச்ச எனக்குக் குடுங்க.”

“நான் இன்னும் முடிக்கலையே!”

“குதிரை ஆத்துல விழுந்துச்சு. கொள்ளுத்தாத்தா நீந்திக் கரையேறிட்டாரு. போன வாரமே முடிச்சிட்டீங்க.”

எதேரி சிரிப்பை இருமலாக மாற்றினாள். எனக்கு முகம் சிவந்தது. ஆனால் வழக்கம் வழக்கம்தான். கொடுத்தேன்.

“உங்க நீல ஜாடிய உடைச்சது பூனை இல்ல, நான்தான்,” என்றாள் நூட்சா. “பாவம், அதுக்குப் பால நிறுத்திட்டீங்க. சொல்லாம வச்சிருந்து எனக்கு வயித்த வலிச்சுது. இப்பப் பசிக்குது. அடுத்து அண்ணன் பேசணும்.”

ரேசோ மெதுவாக எழுந்தான். மறுக்க முடியாது.

“நடனக் குழுவுல என்னைச் சேர்த்துக்கல. அப்பா அதுக்குள்ள நான் சேந்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. அதான்...”

டெங்கிஸ் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

“இதுக்கா இப்படி இருந்த? அடேய், என்னையும்தான் துரத்துனாங்க! சுத்தும்போது வாத்தியார் கால மிதிச்சிட்டேன். வேணும்னா பெரியப்பாவக் கேளு.”

குடும்ப மானத்துக்காக முப்பது வருடம் நான் மூடி வைத்திருந்த செய்தி அது.

“ஒரு தடவை இல்ல,” என்றேன். “மூணு தடவை.”

ரேசோ வாய்விட்டுச் சிரித்தான். ரொட்டியில் பெரிய துண்டாகப் பிய்த்துக்கொண்டான். நாங்கள் மேசையை விட்டு எழுந்திருக்க மாலையாகிவிட்டது. பூனைக்கு நானே பால் வைத்தேன்.

இப்போது தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. ஒதார் வீட்டில் ஒன்பது வயதுச் சிறுமி மேசைத் தலைவராகிவிட்டாளாம். தவறு. தலைவர் நான்தான். ஞாயிறுதோறும் முதல் பேச்சை அவளுக்குக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.