கடைசிக்கு முந்தின நாற்காலி

காலை பத்தே முக்கால். ஆனால் ‘காப்பர் லான்டர்ன்’ சூதாட்ட விடுதிக்குள் அது பகலா இரவா என்று யாராலும் சொல்ல முடியாது. ஜன்னல் கிடையாது, கடிகாரமும் கிடையாது. மாரிசெல் காபிக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு மூலையிலிருந்த வீடியோ போக்கர் வரிசைக்கு வந்தாள். ஆறு இயந்திரங்கள். கடைசிக்கு முந்தின நாற்காலியில் வெண்டல் ஹாட்ச் உட்கார்ந்திருந்தார்.

“தாத்தா, இன்னொரு கப் ஊத்தவா?”

திரையில் ஐந்து சீட்டு விரிந்து கிடந்தது. எதை வைத்துக்கொள்வது, எதை வீசுவது என்று அவர் சொல்வதற்காக இயந்திரம் காத்துக்கொண்டிருந்தது. அந்த ஐந்து சீட்டும் அவருடைய மூக்குக்கண்ணாடியில் சின்னதாக மின்னின. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் இமைக்கவில்லை. மாரிசெல் அவருடைய தோளைத் தொட்டாள். கூஜா கீழே விழுந்து உடைந்தது.

துப்பறியும் அதிகாரி லோர்னா பெக்ஸ்டெட் வந்தபோது அந்த மூலையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். இயந்திரத்தை அணைக்கச் சொன்னால் ஒரு பணியாளும் கிட்டே போகவில்லை. ஐந்து சீட்டும் அப்படியே எரிந்துகொண்டிருந்தன. அவ்வப்போது இயந்திரம் ஒரு மெல்லிய மணியோசை எழுப்பிச் செத்தவரை ஆட்டத்துக்குக் கூப்பிட்டது. ஒவ்வொரு தடவையும் லோர்னாவுக்குப் பிடரி சில்லிட்டது. அவள் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் ஒரு காசு வைத்து ஆடியதில்லை.

பாதி குடித்த காபிக் கோப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். இரண்டு நாளில் முடிவு வந்தது. காபியில் அரளி.

அரளி எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டியதில்லை. லாஸ் வேகஸில் வேலிக்கு வேலி அதுதான். யார் போட்டார்கள் என்பதுதான் கேள்வி. காபி விடுதியில் ஊற்றியது. அதற்கப்புறம் வெண்டல் அருகே வந்தவர்கள் நாலு பேர். கேமரா அவர்களைக் காட்டியது. கோப்பையை மட்டும் ஒரு தூண் மறைத்தது.

முதலில் மாரிசெல்.

“நான் எதுக்கும்மா அவருக்கு விஷம் வைக்கப்போறேன்? டிப்ஸ் குடுக்கிற ஒரே மனுஷன் அவர்தான்.”

“அன்னிக்கு அவர் ஏதாவது சொன்னாரா?”

மாரிசெல் குரலைத் தாழ்த்தினாள். “முதல் கப் ஊத்தும்போது என்னை அண்ணாந்து பாத்தார். ‘உன் தலையைச் சுத்தி மஞ்சளா ஒரு வட்டம் தெரியுதேம்மா’ன்னார். பயந்துட்டேன். சாகப்போறவங்களுக்கு தேவதை தெரியும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. அந்த மூலைக்கு இனிமே நான் போகமாட்டேன், வேலையே போனாலும் சரி.”

அடுத்தவர் இயந்திரப் பிரிவு மேலாளர் கஸ் டாலிவர். தடித்த ஆள். வியர்த்துக்கொண்டே இருந்தார்.

“போன வாரம் அவரைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுவேன்னு சொன்னீங்களாமே?”

“சொன்னேன், ஆபீசர். மறைக்கல. அந்தக் கிழவன் ஊர்ல இருக்கிற ஒவ்வொரு விடுதியா ஏறி இறங்குவான். எந்த மெஷின் நல்லாக் குடுக்குது, எது ஏமாத்துதுன்னு பாத்துட்டுவந்து, முதியோர் சங்கத்துல உக்காந்து எல்லாருக்கும் ஓதுவான். மறுநாளே கெட்டிக்காரக் கூட்டம் பூரா இங்க வந்து நிக்கும். முதலாளி என் தலையை உருட்டுவார்.”

“அன்னிக்கு அவர்கிட்ட என்ன பேசினீங்க?”

“வாயை மூடிக்கிட்டு ஆடுன்னேன். எப்பவும் பத்துக் கேலி பண்ணுவான். அன்னிக்கு என் மூஞ்சியையே பாத்துட்டு, ‘யாரு, கஸ்ஸா?’ன்னு கேட்டான். நக்கல்னு நினைச்சேன்.”

மூன்றாவது ஆள் லெஸ்டர், வெண்டலின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், அண்ணன் வீட்டிலேயே இருபது வருஷமாக இருந்தார். சமையல், துணி, தோட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“காலைல நான்தான் கார்ல கொண்டுவந்து வாசல்ல விட்டேன். ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறந்துட்டுப் போயிட்டான். அப்புறம் கொண்டுவந்து குடுத்தேன். நல்லாத்தான் இருந்தான், மேடம். அந்தப் பொம்பளையைக் கேளுங்க. பக்கத்துலயே உக்காந்திருந்தாளே!”

‘அந்தப் பொம்பளை’ கொரீன் டட்டில். அறுபத்தெட்டு வயது, நிமிர்ந்த முதுகு, கையில் புது மோதிரம். லோர்னா அவளை விடுதிக்கே வரவழைத்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருவரும் நின்றார்கள்.

“நானும் அவரும் இந்த மூலைக்காக வருஷக்கணக்கா சண்டை போட்டிருக்கோம் கண்ணு,” என்றாள் கொரீன். “யார் முதல்ல வந்து அந்தக் கடைசி மெஷினைப் பிடிக்கிறதுன்னு ஓட்டப்பந்தயமே நடக்கும்.”

“ஆறும் ஒண்ணுபோலத்தானே இருக்கு?”

கொரீன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். “அப்படி நினைக்கிறவங்களாலதான் இந்த ஊரே ஓடுது. மேல பரிசுப் பட்டியல் இருக்கு பார். ரெண்டே வரியைப் படி. ஃபுல் ஹவுஸ், ஃபிளஷ்னு ரெண்டு சீட்டுச் சேர்க்கை, எதுக்கு எவ்வளவு? கடைசி மெஷின்ல காசுக்கு ஒன்பது, ஆறு. மத்த அஞ்சுலயும் எட்டு, அஞ்சு. அவ்வளவுதான் வித்தியாசம். அதுல உக்காந்தா பிழைச்சுக்கலாம். இதுல உக்காந்தா கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிடும்.”

“வெண்டல் எட்டு-அஞ்சுல ஆடுவாரா?”

“அவரா? பசியோட இருந்தாலும் எச்சி இலையில சாப்பிடுவாரா? கடைசி மெஷின்ல ஆள் இருந்தா, எழுந்திரிக்கிறவரைக்கும் பின்னால நின்னுக்கிட்டே இருப்பார்.”

லோர்னா திரும்பி நாற்காலிகளைப் பார்த்தாள். அவர் செத்தது கடைசிக்கு முந்தினதில்.

“அன்னிக்கு நீங்க வரும்போது கடைசி மெஷின்ல யாராவது இருந்தாங்களா?”

“காலியா இருந்துச்சு. அவர் இதுல உக்காந்திருந்தார். எனக்குப் புரிஞ்சுபோச்சு கண்ணு. முதல் நாள் சாயங்காலந்தான் அவரைக் கட்டிக்கச் சம்மதிச்சேன். கல்யாணச் சீரா நல்ல மெஷினை எனக்கு விட்டுக்குடுத்துட்டார்! ஒரு வார்த்தை பேசல. பட்டனைக்கூடத் தடவித் தடவித்தான் அமுக்கினார். கல்யாணக் கூச்சம்னு நினைச்சு நானும் அந்தப் பக்கம் திரும்பல. நல்ல சீட்டா வந்துக்கிட்டே இருந்தது. அவர் எப்ப போனார்னுகூட எனக்குத் தெரியாது.”

லோர்னா கேமரா அறைக்குப் போய், வெண்டல் உள்ளே நுழைகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். சுவரைப் பிடித்தபடி வருகிறார். நாற்காலிகளின் முதுகை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு நடக்கிறார். ஒன்றில் நின்று, மேலே பட்டியலை நெடுநேரம் அண்ணாந்து பார்க்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறார். மறுபடி பார்க்கிறார். பிறகு உட்கார்ந்துவிடுகிறார். அப்போது மாரிசெல் காபியோடு வந்திருக்கவே இல்லை.

லோர்னா பிரேதப் பரிசோதனை டாக்டருக்குப் போன் செய்தாள். “அரளி உள்ள போனா கண்ணுக்கு என்ன ஆகும்?”

“மங்கும். வெளிச்சத்தைச் சுத்தி வட்டம் தெரியும். சிலருக்கு எல்லாமே மஞ்சளாயிடும்.”

“வயித்துல காலைச் சாப்பாடு இருந்திருக்குமே, அதைத் தனியாப் பாத்தீங்களா?”

“காபியிலயே விஷம் கிடைச்சிருச்சேன்னு…”

“பாருங்க.”

மறுநாள் மதியம் லெஸ்டரின் சமையலறையில் லோர்னா உட்கார்ந்தாள். பாத்திரங்கள் பளபளவென்று அடுக்கியிருந்தன. வெயில் ஜன்னலை எரித்தது. ஜன்னலுக்கு வெளியே ரோஜா நிறப் பூக்கள் கொத்துக் கொத்தாக ஆடின.

“ஊர்லயே நல்ல மெஷினைக் கண்டுபிடிக்கிறவர் உங்க அண்ணன்,” என்றாள் லோர்னா. “அன்னிக்கு நல்லது காலியா இருக்க, பக்கத்துல இருந்த மோசமானதுல போய் உக்காந்தார். ஏன் தெரியுமா?”

“எனக்கு அந்த ஆட்டமெல்லாம் தெரியாது மேடம். எல்லாப் பெட்டியும் ஒண்ணுதான்.”

“உங்களுக்கு ஒண்ணுதான். அதனாலதான் மாட்டினீங்க. அவரால பட்டியலைப் படிக்க முடியல. எட்டும் ஒன்பதும் ஒண்ணாத் தெரிஞ்சது. மாரிசெல் தலையைச் சுத்தி மஞ்சள் வட்டம் தெரிஞ்சது. கஸ்ஸோட மூஞ்சி தெரியல. காபியைத் தொடறதுக்கு முன்னாலயே விஷம் உடம்புல ஏறிடுச்சு. அதுக்கு முன்னால அவர் சாப்பிட்டது ஒரே இடத்துலதான். இந்த மேஜையில.”

லெஸ்டர் மேஜைத் துணியின் ஓரத்தை நீவி நீவிச் சரிசெய்தார்.

“விஷம் வீட்டோட நின்னிருந்தா சந்தேகம் உங்க ஒருத்தர் மேல மட்டுந்தான் விழும். அதான் மாத்திரையைச் சாக்கு வச்சு வந்து, காபியிலயும் கொஞ்சம் கலந்தீங்க. விடுதியில நாலு பேர் மேல பழி பிரிஞ்சுபோகும். டாக்டர் நேத்து மறுபடி பாத்தார் லெஸ்டர். ஓட்ஸ் கஞ்சிக்கு நடுவுல அரளி இலைத் துணுக்கு இருந்தது.”

வெளியே ஒரு கார் கடந்து போனது. லெஸ்டர் எழுந்து, அடுப்பைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

“அந்தம்மாவைக் கூட்டிட்டு வரப்போறேன்னான். நீ ஒரு அறை பாத்துக்கோடான்னான்,” என்றார், முதுகைக் காட்டியபடி. “இருபது வருஷம். பழைய மேஜையை வெளிய போடச் சொல்ற மாதிரி சொன்னான்.”

“கஞ்சியில கலந்து குடுத்தீங்களா?”

“ஆமா. தினம் குடுக்கிற கஞ்சிதான்.” அவர் திரும்பினார். முகத்தில் கோபமில்லை. விருந்தாளிக்கு ஏதோ பரிமாற மறந்தவர் போல நின்றார். “முதல் வாய் குடிச்சுட்டு, ரொம்பக் கசக்குதுடான்னான். பாவமா இருந்துச்சு மேடம். இன்னொரு ஸ்பூன் தேன் போட்டுக் குடுத்தேன்.”