கேமராவுக்குக் கடைசி இடம்

படம் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

கதாநாயகன் மாடிப்படியில் வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்க, அவன் முகத்தின் மேல் அந்த வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, டிவியிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல உப்புவதும் மெல்ல இறங்குவதுமாக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தவன் கன்ட்ரோலரை நெஞ்சிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். அந்தச் சத்தம், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் போடும் காற்று மெத்தையின் மோட்டாருடையது. அந்த மோட்டாரை வாடகைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பல மாதமாகிறது.

‘சே, படத்திலேயே ஏதோ மெஷின் ஓடுகிறது’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வேறு படம் போட்டுப் பார்த்தான். அதுவும் நின்றது, அதே சத்தத்தோடு.

வெளியே விடாத மழை. மதியம்தான், ஆனாலும் விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டு. மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் அவன் மட்டும்தான். விடுமுறை நாளில் கேம் பெட்டியில் நிம்மதியாக ஒரு படம் பார்ப்பது தன் பிறப்புரிமை என்று நினைப்பவன் அவன். ஆபீசில் யாருக்கு நெட் போனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், அந்தப் பெருமை வேறு. பெட்டியை அணைத்துப் போட்டான். பின்னணியில் தானாக இறங்கும் கேம்களையெல்லாம் நிறுத்தினான். ரவுட்டர் பின்னறையில் இருந்தது. அந்த அறைக்குள் போகாமல், போனிலிருந்தபடியே அதையும் ஒருமுறை அணைத்துப் போட்டான். எதுவும் உதவவில்லை. வேறு வழியில்லாமல் நெட் கம்பெனிக்குப் போன் போட்டான்.

“அண்ணே, லைன் நல்லாத்தான் இருக்கு,” என்றான் லைன்காரன். “உங்க வீட்டுக்குள்ளருந்துதான் யாரோ பெருசா எதையோ மேல அனுப்பிட்டிருக்காங்க. அதான் படம் திணறுது.”

“வீட்ல நான் ஒருத்தன்தாம்பா இருக்கேன்.”

“அப்ப ஏதாவது கேமரா கீமரா இருக்கும். சிலதெல்லாம் அப்படித்தாண்ணே. லைன் கிடைக்காதப்ப எடுத்ததை உள்ளயே சேத்து வச்சுக்கும். லைன் கிடைச்சதும் மொத்தமா அனுப்பும். போன்ல ரவுட்டர் பக்கத்தைத் தொறந்து பாருங்க, பேரு இருக்கும்.”

திறந்தான். அவன் போனின் பெயர் இருந்தது. கேம் பெட்டியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு பெயர்: ‘சின்னவன் ரூம்.’ பக்கத்தில் மேல்நோக்கிய ஒரு சின்ன அம்பு, துடித்துக்கொண்டே இருந்தது.

சின்னவன் என்பது மனைவியின் தம்பி. கேம் பெட்டி அவனுடையதுதான். முதல் சம்பளத்தில் ஆசை ஆசையாக வாங்கியது. பைக்கிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போனபின், அக்கா வீட்டுப் பின்னறையில், காற்று மெத்தையில் கிடந்தான். கண் அசையும், கொஞ்சம் குரல் வரும். அவ்வளவுதான். பெட்டியைக் கழற்றி ஹாலுக்குக் கொண்டுபோன அன்று இந்த மனிதன், “உன் கையால இனி இதைப் புடிக்க முடியுமா, நீயே சொல்லு?” என்று சிரித்துக்கொண்டே கேட்டான். கன்ட்ரோலர் கதவைத் தாண்டும்வரை சின்னவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை செய்யும் இடத்திலிருந்தே தம்பியைப் பார்த்துக்கொள்ள மனைவி ஒரு கேமரா வாங்கி வைத்தாள். அது நெட்டைத் தின்றது. இவன் படம் நின்று நின்று ஓடியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன், ஒரு விடுமுறை நாளில் ரவுட்டர் பக்கத்துக்குப் போய், நெட்டைப் பங்கிடுவதில் கேம் பெட்டிக்கு முதல் இடமும் கேமராவுக்குக் கடைசி இடமும் கொடுத்தான். பிறகு படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்று மதியமே மனைவி போன் செய்தாள்.

“என்னங்க, கேமரால படம் நிக்குது. வாயைத் தொறந்தபடியே இருக்கான். கொஞ்சம் போய்ப் பாருங்களேன்.”

“நெட்டு ஸ்லோ, அதான் படம் நிக்குது. நான் இப்பதான் பாத்துட்டு வந்தேன். நல்லா தூங்குறான்.”

வாய் கூசாமல் சொன்ன பச்சைப் பொய். அவன் பார்க்கவே இல்லை. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. சின்னவனுக்குச் சளி தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தபோது, பின்னறையிலிருந்து “அத்தான்... அத்தான்...” என்று மெல்லிய குரல் வந்தது அவன் காதில் விழுந்தது. படத்தில் நல்ல கட்டம். சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

அது யாருக்கும் தெரியாது. சாவுக்கு ஆட்கள் வருவதற்குள் கேமராவின் வயரைப் பிடுங்கி மேசை டிராயருக்குள் தள்ளியவனும் அவன்தான். ‘தூக்கத்திலேயே போய்விட்டான், கொடுத்துவைத்த சாவு’ என்று வந்தவர்களிடம் சொன்னவனும் அவன்தான். மனைவி மட்டும் சாப்பாட்டு இடைவேளையில் இன்னமும் அந்தக் கேமரா ஆப்பைத் திறந்து, ‘இணைப்பு இல்லை’ என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு மூடுகிறாள்.

இன்றைக்கு அவள் திறந்தால்?

கேமரா உள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறது. அந்த மதியத்தை. அந்தக் குரலை. பின்னால் ஏறிக்கொண்டே போன டிவி சத்தத்தை. அதைத்தான் இப்போது அனுப்பிக்கொண்டிருக்கிறது.

போனைச் சோபாவில் எறிந்துவிட்டு ஓடினான்.

கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. பவுடரும் கிருமிநாசினியும் நாள்பட்ட வியர்வையும் கலந்த, எத்தனை முறை கழுவினாலும் சுவரை விட்டுப் போகாமல், பூட்டிய அறைக்குள் தனக்கென்று யாரோ வரக் காத்துக் கிடந்ததுபோன்ற வாடை. ஜன்னல் திரைக்குப் பின்னால் மழை ஓடியது. கட்டிலைப் பார்த்தான். காற்று இறங்கித் துணிபோலக் கிடக்க வேண்டிய மெத்தை உப்பியிருந்தது. மோட்டார் இல்லை. ஆனாலும் அது மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது.

கேமரா டிராயரில் இல்லை. பழையபடி அலமாரித் தட்டில் இருந்தது. வயர் இல்லை. பச்சை விளக்கு எரிந்தது.

அவன் ஓர் அடி வைத்தான். ட்ரர்ர் என்று மெல்லிய ஓசையுடன் கேமரா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது.

“டேய்... சின்னவா...” என்றான். “நான் வேணும்னு செய்யலடா.”

அதுவும் பொய்.

கையை நீட்டினான். விரல் நுனி கேமராவில் பட்டது. ஜுரம் வந்த நெற்றிபோலச் சுட்டது. அவ்வளவுதான். முழங்கால் எங்கோ போனது. இடுப்பு போனது. மரத்துப்போன கை தானாகக் கீழே தொங்கியது. மல்லாந்து விழுந்தான், மெத்தை அவனை ஏந்திக்கொண்டது. அவனுக்கென்றே அளவெடுத்த பள்ளம் அங்கே இருந்தது.

எழ நினைத்தான். கால் கேட்கவில்லை. சுண்டுவிரலை அசைக்க நினைத்தான். அதுவும் கேட்கவில்லை. கண் அசைந்தது. கொஞ்சம் குரல் வந்தது.

தொண்டையில் ஏதோ சேர ஆரம்பித்தது.

ஹாலில் படம் ஓட ஆரம்பித்தது. நிற்காமல், திக்காமல், வழுக்கிக்கொண்டு.

கேமரா அவனையே பார்த்தது. எதை உடைக்க ஓடி வந்தானோ அதுதான் இப்போது அவனுக்குத் தெய்வம். பார்த்துவிடு. திறந்து பார்த்துவிடு. எல்லாம் தெரிந்தாலும் பரவாயில்லை, ஒருமுறை பார்த்துவிடு. மனைவியை மனதுக்குள் கெஞ்சினான். பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பின் லைன் கிடைக்காமல் சிவப்பானது. கேம் பெட்டிக்கு முதல் இடம். கேமராவுக்குக் கடைசி இடம். அவன் போட்ட உத்தரவு அப்படியேதான் இருந்தது.

ஹாலில் போன் அடித்தது.

அவள்தான். பார்த்துவிட்டாள். அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எடுக்காவிட்டால் ஓடி வருவாள். அக்கம்பக்கத்தில் யாரையாவது அனுப்புவாள்.

அடிப்பது நின்றது.

யாரோ எடுத்துவிட்டார்கள்.

“ம், சொல்லும்மா,” என்றது ஹாலிலிருந்து ஒரு குரல். அவனுடைய குரல். “நெட்டு ஸ்லோ, அதான் படம் நிக்குது. நான் இப்பதான் பாத்துட்டு வந்தேன். நல்லா தூங்குறான்.”

கத்தினான். அறையைத் தாண்டாத ஒரு முனகல்தான் வந்தது. கண்ணை மட்டும் கதவுப் பக்கம் திருப்பினான். திறந்த கதவு வழியாகச் சோபாவின் முதுகும், அதற்கு மேலே தூக்கிப் பிடித்த கன்ட்ரோலரும் தெரிந்தன. அதைப் பிடித்திருந்தவை மெலிந்து வளைந்த விரல்கள். நீண்ட நாள் பயன்படாத விரல்கள், ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிப் பழகிக்கொண்டிருந்தன.

“அ... த்தான்...” என்றது ஹாலிலிருந்து இன்னொரு குரல், செல்லமாக.

பிறகு டிவியின் சத்தம், ஒவ்வொரு கட்டமாக, ஏற ஆரம்பித்தது.