சொருகாத மைக்

திரையின் ஓரத்தில் பச்சைப் பட்டை அசைந்தது. கம்ப்யூட்டரில் ஒரு மைக்கும் சொருகப்பட்டிருக்கவில்லை.

முதலில் தன் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். பிற்பகல் மூன்று மணிதான் ஆகியிருந்தது என்றாலும், காலையிலிருந்து விடாமல் தூறிக்கொண்டிருந்த மழையில் அறைக்குள் விளக்குப் போட வேண்டிய அளவுக்கு மங்கல். சன்னல் கம்பியிலிருந்து துருவின் வாடை, நாற்காலி முதுகில் கிடந்த காயாத துண்டின் வாடை, மேசைக்கடியில் கம்ப்யூட்டரின் மூன்று காற்றாடிகளும் ஒன்றுசேர்ந்து எழுப்பும் சீரான முனகல். ஒலி அமைப்புப் பக்கம் திறந்திருந்தது. உள்ளே வரும் ஒலி என்ற தலைப்பின் கீழ் 'லைன் இன்' என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே, சின்னச் சின்னக் கட்டங்களாக, ஒலியின் அளவைக் காட்டும் பட்டை. மூன்று கட்டம் ஏறியது. ஒரு கணம் நின்றது. மெல்ல இறங்கியது. மறுபடி மூன்று கட்டம்.

அவள் வேலை ஒலிப்புத்தகங்களைத் திருத்துவது. வாசிப்பவர் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இழுக்கும் மூச்சை வெட்டி எடுப்பதிலேயே அவளுடைய நாளில் பாதி போய்விடும். மூச்சு எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்பது காதால் கேட்காமலே அவளுக்குத் தெரியும்.

இது மூச்சு.

'சீ, அப்டேட் பண்ணதுல ஏதோ கெட்டுப்போச்சு' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். அதில் உண்மையும் இருந்தது. போன வாரம் மேக் ஓஎஸ்ஸின் புதிய பதிப்பை ஏற்றியதிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரில் ஒலி தாறுமாறாகத்தான் இருந்தது. பதிப்பகம் கேட்ட மென்பொருள் மேக் ஓஎஸ்ஸில் மட்டும்தான் ஓடும். அது ஓடும் அசல் மேக் மெஷினின் விலை கைக்கு எட்டாததால் உதிரிப் பாகங்களை வாங்கி அவளே பூட்டியது அது. கம்ப்யூட்டர் எழும்போது, தான் ஓடுவது அசல் மேக்கில்தான் என்று மேக் ஓஎஸ்ஸை நம்பவைக்கும் ஒரு கோப்பு உண்டு. அந்தக் கோப்பில் ஒரு எண் பிசகினாலும் ஒலி போகும், அல்லது தூங்கப்போன மெஷின் எழுந்திருக்காது.

அதைப் பூட்டிய அன்று டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவர் மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப உள்ள ஒருத்தன், வெளிய ஒருத்தன். சரியான வேஷக்காரன்மா இவன்" என்று சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு வேஷக்காரன் என்றே பேர்.

அவர் போய் ஆறு வாரம் ஆகிறது.

இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய அறை. அவர் குளியலறை வாசலில் விழுந்தபோது அவள் இதே நாற்காலியில் இருந்தாள். "ஹெட்போன் மாட்டியிருந்தேன், எதுவுமே கேக்கல" என்று அவள் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். இதயம் என்றார் டாக்டர். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வந்தவர்கள் அவள் தலையைத் தடவினார்கள். அந்தக் கைகளின் சூடு இன்னும் உச்சந்தலையில் இருப்பதுபோல் சில சமயம் கூசும்.

அவள் கோப்பைத் திறந்தாள். ஒலிச் சில்லுக்கான லேஅவுட் எண் பதினொன்று என்றிருந்தது. ஒன்று என்று மாற்றிச் சேமித்துக் கம்ப்யூட்டரை மறுபடி ஏற்றினாள். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மளமளவென்று ஓடின. பட்டையைப் பார்த்தாள். மூன்று கட்டம். ஐந்து என்று மாற்றினாள். மூன்று கட்டம். ஏழு. மூன்று கட்டம், கொஞ்சம் வேகமாக.

கல்லூரித் தோழிக்குப் போன் போட்டாள். கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவள்; கண்ணாடியின் தடிமனால் அவளுக்கு அந்தக் காலத்திலிருந்தே சோடாபுட்டி என்று பேர்.

"மைக்கே இல்லாம பட்டை ஆடுதுடி."

"எர்த் சரியில்லன்னா ஆடும். இல்ல, முன் பக்கத்துலேருந்து போர்டுக்கு வர்ற ஆடியோ ஒயர் இரைச்சலைப் பிடிக்கும். ஒரு ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி அனுப்பேன். கேட்டா சொல்லிடுவேன்."

"வெறும் இரைச்சல்தான் இருக்கும்."

"அதைத்தான்டி கேக்கணும். இரைச்சல்லயும் ரகம் இருக்கு."

ரெக்கார்ட் செய்தாள். வேலைக்கென்று தனியாக வைத்திருக்கும், ஒலியை வெளியே மட்டும் விடும் சின்ன யூஎஸ்பி பெட்டியில் ஹெட்போனைச் சொருகிக் காதில் மாட்டினாள்.

முதலில் தண்ணீர். வாளியில் சொட்டுச் சொட்டாக விழுவது. பிறகு மரக் கட்டில் ஒன்று முனகியது. தேய்ந்த ரப்பர் செருப்பு, இடது கால் அழுத்தமாக, வலது கால் இழுபட்டு, தரையில் நகர்ந்தது. நின்றது. தொண்டையைச் செருமும் ஒலி. யாரையாவது கூப்பிடுவதற்கு முன்னால் அவர் அப்படித்தான் செருமுவார்.

"அம்மாடி."

அவளை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் அம்மாடிதான். நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்வதும் அதே அம்மாடிதான். அந்த இரண்டில் எது எது என்று அவளுக்கு எப்போதும் தெரியும்.

ஹெட்போனில் அடுத்து வந்தது அவளுடைய குரல். சுவருக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல் மங்கலாக, சலிப்போடு.

"அஞ்சு நிமிஷம் மாமா."

காதிலிருந்து அதைப் பிடுங்கி எறிந்தாள்.

அன்று அவளுக்குக் கேட்டது. முதல் தடவையே கேட்டது. அன்றைக்கு மட்டும் அது ஏழாவது கூப்பாடு. மூக்குக் கண்ணாடிக்கு ஒன்று, டிவி ரிமோட்டுக்கு ஒன்று, வெந்நீருக்கு ஒன்று, மற்றவை எதற்கென்றே நினைவில்லை. திரையில் ஒரு அத்தியாயம் கோப்பாக மாறிக்கொண்டிருந்தது. அதற்கு அவள் தேவையே இல்லை. அது தானாக முடியும் வேலை. ஆனாலும் பதில் சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டி, ஒலியைக் கூட்டி, ஓடும் சதவீதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அஞ்சு நிமிஷம் இல்லை. இருபத்தி மூன்று நிமிஷம். நடுவில் ஒரு தடவை ஏதோ விழுந்த அதிர்வு சுவர் வழியாக மேசைக்கு வந்தது. கோப்பையில் தேநீர் வளையம் போட்டது. அதையும் பார்த்தாள்.

ரெக்கார்ட் செய்ததை அழித்தாள். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். போன் அடித்தது.

"அனுப்பிட்டியா? வரலையே."

"சரியாயிடுச்சுடி. லேஅவுட் எண்ணை மாத்தினேன்."

"எந்த எண்ணு? எனக்கும் உதவும், சொல்லு."

"ஏழு," என்றாள். காது மடல்கள் கொதித்தன.

போனை வைத்ததும் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். தூசியும் சூடேறிய பிளாஸ்டிக்குமாக ஒரு வாடை முகத்தில் அடித்தது. முன்பக்க ஆடியோ ஒயரைப் போர்டிலிருந்து உருவினாள். பிறகு கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய் போர்டின் ஒலிச் சில்லையே அணைத்தாள். இனி அந்தப் பெட்டிக்குக் காதே கிடையாது. மறுபடி ஏற்றினாள்.

'லைன் இன்.' அந்த ஒரே வரி. அதன் கீழே பட்டை.

நான்கு கட்டம்.

வாசல் கதவு திறக்கும் சத்தத்துக்கு அவள் துள்ளி எழுந்ததில் திருப்புளி உருண்டு மேசைக்கடியில் போனது. கணவன். ஆஸ்பத்திரி லேபில் காலை ஷிப்ட் முடித்து, நனைந்த தலையோடு வந்து நின்றான். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான்.

"என்ன, வேஷக்காரன் மக்கர் பண்றானா?"

சொன்ன பிறகுதான் அது யார் வைத்த பேர் என்பது அவனுக்கு நினைவு வந்தது போலும். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டுகிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டான். துண்டுக்குள்ளிருந்தே பேசினான்.

"அண்ணன் போன் பண்ணான். அப்பா குரல் எங்கயாவது பதிவாகி இருக்கான்னு கேக்கறான். உன் மெஷின்ல ஏதாவது..."

"இல்ல." முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். "எதுவும் இல்லைங்க."

"சரி, விடு. அதுக்கு ஏன் இப்படி வெளிறிப்போற?" அவன் கை அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. "எத்தனை தடவை சொல்றது. உன் மேல தப்பே இல்லம்மா. அதைக் காதுல மாட்டிக்கிட்டா யாருக்குத்தான் கேக்கும்?"

அந்தக் கையைத் தட்டிவிடவும் முடியவில்லை, தாங்கவும் முடியவில்லை. அவன் திட்டியிருக்கலாம். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

அவன் திரையைக் குனிந்து பார்த்தான். "இது ஏன் ஆடுது?" அவள் தடுப்பதற்குள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். புருவம் சுருங்கியது. விரிந்தது. உதட்டைப் பிதுக்கினான்.

"வெறும் உஸ்ஸுன்னு இரைச்சல்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அப்படி இருந்ததற்காகவே மறுகணம் உடம்பு குறுகியது.

"அப்பா ரூம்ல இருக்கற பிளக் பாயின்ட்டும் இதே லைன்தான். ஈரத்துல கரண்ட் ஒழுகுதோ என்னமோ. போய்ப் பார்த்துட்டு வரேன்."

"வேணாங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"ரெண்டு நிமிஷம்."

அவன் போனான். வராந்தாவில் அவன் காலடி. தாழ்ப்பாள். ஆறு வாரமாகப் பூட்டிக்கிடந்த அறைக் கதவின் கீல். அவள் கைகள் தாமாகவே ஹெட்போனை எடுத்து மாட்டின.

கதவு சுவரில் மோதிய சத்தம் ஹெட்போனிலும் இருந்தது. சுவரில் ஒரு கணம், காதுக்குள் ஒரு கணம். சுவிட்ச் போடும் சொடுக்கு. அவன் பேன்ட் உரசும் சத்தம். குனிந்திருக்கிறான். பிளக்கை அசைத்துப் பார்க்கிறான். அவனுடைய மூச்சு, நடந்து வந்த களைப்போடு, சீராக.

அதற்கும் கீழே இன்னொரு மூச்சு.

தரையோடு தரையாக. ஈரமாக.

தொண்டையைச் செருமியது.

கணவனின் மூச்சு நின்றது. அவளுடையதும்தான். அவன் அலறிக்கொண்டு ஓடிவருவான் என்று காத்திருந்தாள். ஓடிவரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். முட்டி தரையில் படும் மெல்லிய ஒலி கேட்டது. பிறகு அவன் குரல், சின்ன வயதுக் குரலாக.

"சொல்லுங்கப்பா."

முணுமுணுப்பு ஆரம்பித்தது. வார்த்தை எதுவும் புரியவில்லை. ஏற்றம், நிறுத்தம், இறக்கம். வாசிப்பவர்களின் மூச்சை வெட்டி வெட்டிப் பழகிய அவள் காதுக்கு, நடுநடுவே அந்த மூச்சுகள் மட்டும் தெளிவாக விழுந்தன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவன், கதை கேட்கும் பிள்ளையைப்போல், உம் கொட்டினான்.

"உம்."

"உம்."

திரையில் பட்டை கடைசிக் கட்டம் வரை நிறைந்திருந்தது. மேசைக்கடியில் கையை விட்டு கம்ப்யூட்டரின் மின் ஒயரைப் பிடித்தாள். இழுத்தால் போதும். இழுக்கவில்லை. இன்னொரு தடவை காதை மூடிக்கொள்ள அவளுக்குத் துணிவில்லை.

"உம்."

பிறகு அவன் உம் கொட்டவில்லை.

"அவளுக்குக் கேட்டுச்சாப்பா?"

ஒயர் அவள் கையிலிருந்து நழுவியது. நெஞ்சிலிருந்து ஒரு சூடு கழுத்துக்கு, கன்னத்துக்கு, கண்ணுக்கு ஏறியது. பயத்தைவிடப் பெரியதாக இருந்தது அது. அவன் திரும்பி வந்து பார்க்கப்போகும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எந்திரிங்க," என்றான் அவன், காதுக்குள். "மெதுவா. என்னைப் பிடிச்சுக்குங்க."

கட்டில் முனகியது. செருப்பு நகர்ந்தது. இடது கால் அழுத்தமாக. வலது கால் இழுபட்டு. பக்கத்திலேயே அவனுடைய காலடி, அந்த வேகத்துக்கே அடியெடுத்து வைத்து.

ஹெட்போனைக் கழற்றினாள்.

சத்தம் நிற்கவில்லை. வராந்தாவில் இருந்தது.

பெரியவர் வரும்போது எழுந்து நிற்கும் பழக்கத்தில் எழுந்தாள். தலையை நிமிர்த்த முடியவில்லை. முதலில் அவன் பாதங்கள் தெரிந்தன. ஒவ்வொரு அடிக்கும் நின்று, காத்திருந்து, அடுத்ததை வைத்தன. பிறகு அவன் முட்டி. பிறகு அவன் முகம். அவன் அவளைப் பார்க்கவில்லை. தனக்கு இடப்புறம் தரையை, அங்கே அடுத்த அடி எங்கே விழுகிறது என்பதை, கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

இடது கையை உடம்பிலிருந்து தள்ளி, மடக்கி நீட்டியிருந்தான். அதற்கப்பால் யாரும் இல்லை. சட்டைக் கையில், முழங்கைக்குச் சற்று மேலே, துணி நான்கு இடங்களில் உள்ளே அழுந்தியிருந்தது. அழுந்திய இடத்திலிருந்து ஈரம் கீழே பரவிக்கொண்டிருந்தது.

"பார்த்துப்பா, படி," என்றான்.

நிலைப்படியைத் தாண்டும்போது அந்த நான்கு குழிகளும் இன்னும் ஆழமாக இறங்கின.