நான்கு படங்களில் இரண்டு

"மத்த ரெண்டு படமும் எங்க புள்ள?"

காலைச் சாப்பாட்டைத் தொடாமலே எழுந்த ஜவுபர், மனைவியின் துணிகளுக்கடியில் கண்டெடுத்த கடிதவுறையை மேசையில் கவிழ்த்தான். முக்காடிட்ட றாஹிலாவின் முகம் இரண்டு சிறு படங்களில் அவனைப் பார்த்தது.

"ஸ்டுடியோவில நாலு குடுப்பான். இஞ்ச ரெண்டுதானே இரிக்கி!"

வாசலில் நின்ற அவனுடைய மூத்த சகோதரி சுல்பிகா ராத்தா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டாள். "நான் சொல்லக்குள்ள நம்பல்லியே தம்பி! படம் பிடிச்சாள்... கிராம விதானையார்ர சீல் வாங்கினாள்... பாஸ்போட்டுக்கில்லாம வேற எதுக்கு? ஜவுபர்ர பொண்டாட்டி குவைத்தில பீங்கான் கழுவுறாள் எண்டு நாளைக்கி ஊர் சிரிக்கும்!"

றாஹிலா வாய் திறக்கவில்லை. பெண்ணின் மௌனத்தைக் குற்றத்தின் ஒப்புதலாக வாசிக்கும் இந்தச் சமுதாயம், அம்மௌனத்தை அவளுக்குக் கற்பித்ததே தான்தான் என்பதை என்றைக்கு உணரும்! பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில், மாப்பிள்ளை வீட்டாரின் அவசரத்துக்காக, விதவைத் தாயின் கண்ணீருக்காக, புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டவள் அவள். மூன்று வருடமாக ஒரு முறைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

ஜவுபர் தோல் பையில் தன் சாறன்களையும் சட்டைகளையும் திணித்தான். பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழும் மாப்பிள்ளை, பையோடு படியிறங்கினால் அதன் பொருள் ஊருக்கே தெரியும்.

"மருமகன்! அல்லாஹ்வுக்காக..." அடுப்பெரிந்த குசினி வாசலில் றாஹிலாவின் தாய் சபியா உம்மா சரிந்து அமர்ந்தாள்.

"அழாதீங்க உம்மா." றாஹிலாவின் குரல் நடுங்கவில்லை. "வாங்க மச்சான். மத்த ரெண்டும் இரிக்கிற எடத்தக் காட்டுறன். மதினி, நீங்களும் வாங்க. பாதி தெரிஞ்சத முழுசாத் தெரிஞ்சிக்கங்க!"

பையைக் கீழே வைக்காமலே அவன் பின்தொடர்ந்தான். மருதமுனைத் தெருவில் தறிகளின் சத்தம் வீட்டுக்கு வீடு நின்றது. சன்னல்களில் கண்கள் முளைத்தன.

நெசவுக் கட்டடத்தின் பின்னறை. வெளிநாட்டுக்கு ஆளனுப்பும் ஏஜென்சிக்காரனைத் தேடி உள்ளே பாய்ந்த ஜவுபர் திகைத்து நின்றான். நீண்ட மர வாங்குகளில் அமர்ந்திருந்த பன்னிரண்டு இளம் பெண்கள். கரும்பலகையில் ஒரு கணக்கு. பள்ளியை இடையில் விட்டவர்களுக்கான முறைசாராக் கல்வி வகுப்பு!

"றாஹிலாட வீட்டுக்காரரோ?" பக்கத்து ஊர் பாண்டிருப்பிலிருந்து வரும் பூமணி டீச்சர் விண்ணப்பக் கோப்பை விரித்தார். "நல்ல நேரத்தில வந்தீங்க. திங்கக்கிழமை கடைசி நாள். இவட விண்ணப்பம் மட்டும்தான் போகாமக் கிடக்கு."

பரீட்சை விண்ணப்பத்தில் ஒரு படம். அடையாள அட்டைப் படிவத்தில் மற்றது, விதானையாரின் முத்திரையோடு. வகுப்புச் சம்மதப் பத்திரத்தில் கணவன் கையொப்பமிட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"நீங்களே போட்டுடுங்க மாமி எண்டு நான் எத்தின தரம் சொன்னன்!" பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வெடித்தது. "மாமாட பேர்ல பொய்யெழுத மாட்டாவாம்! நானெண்டா உம்மாட கையெழுத்த நானே..."

சொன்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சுல்பிகாவின் மகள் ஜெமீலா.

"அடியேய்! நீ தையல் வகுப்புக்கெல்லுவா போறதெண்டாய்!"

"அப்ப மகள்ட பத்திரத்தில நீங்களே இப்ப கையெழுத்தப் போடுங்க," என்று டீச்சர் சுல்பிகாவிடம் பேனையை நீட்டினார். தம்பியின் மனைவியைப் பிடிக்க வந்தவள், மகளின் முன்னால் தலைகுனிந்து நின்றாள்.

ஜவுபர் மனைவியைப் பார்த்தான். "ஏன் புள்ள எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொன்னனே மச்சான்... கலியாணம் முடிச்ச முதல் மாசம். சோறாக்கச் சோதின பாஸ் பண்ணணுமா எண்டு சிரிச்சீங்க. ரெண்டாந்தரம் கேக்க எனக்குத் தைரியம் வரல்ல..." அப்போதுதான் அவள் கண்கள் நிறைந்தன. "என்னில இரக்கப்பட்டுப் போடாதீங்க. நம்பினாப் போடுங்க!"

கையெழுத்திட அவன் பையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. வைத்தான். ஒவ்வோர் எழுத்தாக, மெல்ல எழுதி முடித்தான்.

"வீட்டில இரிக்கிற மத்த ரெண்டுல..." அவன் பேனையை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தான். "ஒண்டு எனக்குத் தருவியா?"

றாஹிலா கண்ணைத் துடைத்தாள். "பேக்கத் தூக்கிட்டு வீட்ட போங்க. உம்மா அழுதிட்டு இரிப்பா. எனக்கு வகுப்பு முடிய ரெண்டு மணித்தியாலம் இரிக்கி... வந்து யோசிக்கிறன்."

அவள் தன் வாங்கில் போய் அமர்ந்தாள். ஜவுபர் பையைத் தூக்கிக்கொண்டு, அத்தனை சன்னல்களும் பார்த்திருக்க, வந்த வழியே அவள் வீட்டுக்குத் திரும்பி நடந்தான்.