சாவிப் பூவும் மே மரமும்

அஃப்ராவின் போட்டோவுக்கு முன்னால் மூன்று தடியன்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

எர்ல்மோஸ் ஊர் ரொட்டிக்கடைச் சுவரில் ரோசல் அக்கா வாரம் ஒரு போட்டோ மாட்டுவார். அடியில் எடுத்தவர் பெயர் இருக்கும். இந்த வாரம், "சாவிப் பூக்கள். படம்: அஃப்ரா." சொர்க்கத்தின் வாசல் காவலர் சாவிக்கொத்தைத் தவறவிட்டாராம், விழுந்த இடத்தில் இந்த மஞ்சள் பூ முளைத்ததாம். புதையல் இருக்கும் கதவையும் அது திறக்குமாம். அந்தக் கதை பிடித்துப்போய், சேற்றில் குப்புறப் படுத்து அஃப்ரா எடுத்த படம் அது.

"பூ அம்சமா இருக்கு, இல்ல?" என்றான் மூவரில் நெட்டையானவன். பக்கத்து ஊர் ஹோல்ஸ்லிங்கைச் சேர்ந்த குயிரின்.

"ரொம்ப அம்சம்!" என்று மற்ற இருவரும் இளித்தார்கள். ரொட்டி வாங்காமலே போய்விட்டார்கள்.

பூவை ரசிக்கிற மூஞ்சிகளா இவை? அஃப்ரா படத்தை உற்றுப் பார்த்தாள். பூக்களுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. கதவு இடுக்கில் நீலமும் வெள்ளையுமாக ஒரு பட்டை.

அது மே மரம்! மே முதல் நாள் ஊர் நடுவில் நட வேண்டிய, வண்ணம் பூசிய நெடுமரம். அதற்குள் பக்கத்து ஊர்க்காரர்கள் திருடிவிட்டால், விருந்து வைத்துத்தான் மீட்க வேண்டும். வருஷம் முழுக்கக் கேலி வேறு. அதற்காகத்தான் ஒளித்து வைத்திருந்தார்கள். ஒளித்த இடத்தை அவளே சுவரில் மாட்டிவிட்டாள்!

"அக்கா, நம்ம மரம் போகப் போகுது! ஊரே சர்ச்சுல இருக்கு, கூப்பிடுங்க!" என்று கத்திக்கொண்டே கொட்டகைக்கு ஓடினாள்.

அதற்குள் மரம் வெளியே வந்துவிட்டது. பக்கத்திலேயே காத்திருந்த ஹோல்ஸ்லிங் கூட்டம் அதைத் தோளில் சுமந்து நடந்தது. முன்னால் குயிரின்.

இந்தத் திருட்டுக்கும் ஒரு சட்டம் உண்டு. மரம் எல்லையைத் தாண்டுவதற்குள் ஊர்க்காரர் ஒருவர் அதன்மேல் கை வைத்து, "மரம் இங்கேயே இருக்கும்" என்று சொல்லிவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான்.

அஃப்ரா எம்பினாள். எட்டவில்லை. மறுபடியும் எம்பினாள்.

"இன்னும் நாலு மூட்டை உருளைக்கிழங்கு தின்னுட்டு வா, பாப்பா!" என்றான் மரம் சுமந்தவர்களில் ஒருவன்.

அவளுக்கு அழுகை முட்டியது. முன்னால் ஓடைப் பாலம் தெரிந்தது. அதைத் தாண்டினால் ஹோல்ஸ்லிங். ஆனால் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் உண்டே! அவர்களை முந்தி ஓடிச் சுவர்மேல் ஏறி நின்றாள். மரம் பக்கத்தில் வந்ததும் உள்ளங்கையைப் பதித்தாள்.

"மரம் இங்கேயே இருக்கும்!"

எல்லோரும் நின்றுவிட்டார்கள். குயிரின் பெருமூச்சு விட்டான். "சரிப்பா, இறக்குங்க. சட்டம் சட்டந்தான்."

"இருங்க, இறக்காதீங்க! இத போட்டோ எடுக்கணும்."

"எடேன். யாரு வேணாம்னா?"

"கைய எடுத்தா ஓடிருவீங்களே! நீங்களே எடுங்கண்ணா." மற்றொரு கையால் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி நீட்டினாள்.

"நாங்க தோத்தத நானே எடுக்கணுமா?"

"ஆமா. நல்லாப் படுத்து எடுங்க. ஓரத்துல பூவும் வரணும். பின்னால என்ன தெரியுதுன்னு மறக்காம பாத்துக்கங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குயிரின் தலையில் அடித்துக்கொண்டு, பூ மலர்ந்திருந்த ஓடையோரச் சேற்றில் படுத்தான்.

அடுத்த வாரம் ரொட்டிக்கடையில் புதுப் படம். தோளில் மரத்தோடு அசடு வழியும் தடியன்கள். சுவர்மேல் வாயெல்லாம் பல்லாக அஃப்ரா. அடியில் ரோசல் அக்கா பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்:

"படம்: குயிரின், ஹோல்ஸ்லிங்."