பதற்றமானியும் பலகைப்பாலமும்

இந்த வாரமும் கால்வாய்க்கரை வார்டின் பதற்றம் பூஜ்யம். மாமன்றச் சுவரில் பச்சையாய் ஒளிர்ந்த எழுத்தைப் பார்க்கப் பார்க்க வார்டு உறுப்பினர் குணவதிக்கு வயிறு எரிந்தது. பச்சை என்றால் நிதி கிடையாது.

துறைநகரில் எந்தத் தெருவுக்கு எந்த வேலை என்று இப்போது மனிதர்கள் முடிவு செய்வதில்லை. சிபாரிசு, கமிஷன் எல்லாம் பழங்கதை. ஆளுக்கொரு மணிக்கட்டுப் பட்டை. அது நாடித்துடிப்பை அளந்து பதற்றமானி என்ற இயந்திரத்துக்கு அனுப்பும். எங்கே பதற்றம் அதிகமோ, அங்கே அதைக் குறைந்த செலவில் தணிக்கும் வேலை நடக்கும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. போன மாதம் வானவில் குடியிருப்பின் நீரூற்று நின்றுபோய் ஆளாளுக்குப் பதறினார்கள். மறுநாளே ஊற்று பொங்கியது.

குணவதியின் வார்டிலிருந்து அக்கரைப் பள்ளிக்குப் போக இருந்தது இரண்டு பனைமரமும் நாலு பலகையும். அவள் மகள் இனியாவும் அதில்தான் போய் வந்தாள். மழை வந்தால் தண்ணீர் பலகையைத் தொடும்.

"பாக்கியம் அக்கா, புள்ளைங்க போறப்ப உனக்குப் பக்குனு இல்ல?" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டாள் குணவதி.

"எதுக்குடி பயம்? அதான் அம்மா இருக்காளே!"

பாலத்தின் முனையில் மஞ்சள் பூசிய கல், எலுமிச்சம்பழம், வேப்பிலை. ஒரு பையன் தவறி விழுந்து பிழைத்ததிலிருந்து அது பாலத்தம்மன். செருப்பைக் கழற்றி, கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பலகையில் கால் வைப்பார்கள். கும்பிட்டதும் நாடி சீராகிவிடும். பட்டையும் குறையொன்றும் இல்லை என்று அனுப்பிவிடும்.

"கும்பிடுங்க, வேணாங்கல. கொஞ்சம் பயந்துட்டுக் கும்பிடுங்களேன்!" என்று கெஞ்சினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

உங்களுக்கெல்லாம் பாலம் ஒரு கேடா என்று எரிச்சலோடு திரும்பியவள் அக்கரையைப் பார்த்து நின்றாள். வானவில் குடியிருப்பின் பால்கனிகள். கால்வாய் நாற்றத்துக்காக எப்போதும் கதவடைத்தே கிடப்பவை. அங்கே சங்கச் செயலாளர் ரமணனைப் போய்ப் பிடித்தாள்.

"சார், நாளைக்குக் காலைல எல்லாரும் கொஞ்ச நேரம் கதவைத் தொறந்து பாருங்க. அது போதும்."

பார்த்தார்கள். புத்தகப் பையோடு பிள்ளைகள் பலகையில் ஆடி ஆடி நடந்தார்கள். இனியா நடுவில் நின்று கையாட்டினாள். பால்கனிகளில் ஐயையோ என்று ஒரே அலறல். ரமணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னால பாக்கவே முடியலைம்மா. இதுக்கு ஏதாவது செஞ்சே ஆகணும்." மனசாரத்தான் சொன்னார். நல்ல மனிதர்.

அடுத்த வாரம் மாமன்றச் சுவர் சிவந்தது. பலகைப்பாலப் பதற்றம் முதலிடம், நிதி ஒதுக்கப்பட்டது. குணவதி அங்கேயே அழுதுவிட்டாள். வார்டு முழுக்க லட்டு கொடுத்தாள்.

லாரி வந்தது, அக்கரைக்கு. இரும்புக் கம்பங்களும் பச்சைத் தகரங்களும் இறங்கின.

"பாலத்துக்கு எதுக்கு சார் இவ்ளோ தகரம்?" என்று பொறியாளர் சாதிக்கைக் கேட்டாள்.

"பாலமா?" அவர் விழித்தார். "மறைப்பும்மா இது. குடியிருப்பு ஓரமா ஒசரமா கட்டிட்டா, புள்ளைங்க போறது அவங்க கண்ணுல படாது. பாலத்தவிட இதுதான் செலவு கம்மின்னு மானி சொல்லிருச்சு."

"அப்போ புள்ளைங்க?"

"உங்க வார்டுதான் பச்சையாச்சேம்மா."

மறைப்பு எழுந்த அன்று சாயந்திரம் வானம் பொத்துக்கொண்டது. தகரத்துக்கும் கால்வாய்க்கும் நடுவே பள்ளி விட்டு வந்த இனியா பலகையில் கால் வைத்தாள். தண்ணீர் அவள் கணுக்காலை நனைத்தது. இக்கரையில் நின்ற குணவதிக்கு நெஞ்சு வாய்க்கு வந்தது. அவள் பட்டை சிவப்பாய் மின்னியது. அப்பாடா, நம் வார்டிலும் ஒரு சிவப்பு! உடனே அது அதிர்ந்தது.

'உங்கள் அளவு வார்டோடு பொருந்தவில்லை. பட்டை பழுதாகியிருக்கலாம்.'

இனியா நடுப்பலகையில் தடுமாறினாள். குணவதிக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. செருப்பை உதறிவிட்டு அந்த மஞ்சள் கல்லைக் கட்டிக்கொண்டாள். "தாயே, எம்புள்ளைய நீதான் பாத்துக்கணும்!"

சொல்லச் சொல்ல நெஞ்சு அடங்கியது. மகள் இன்னும் கரை சேரவில்லை.

பட்டை மெல்லப் பச்சையானது. 'பழுது சரியாகிவிட்டது. நன்றி.'